பூட்டிய பீரோவைத் திறக்க ஓர் ஆணை வேண்டும்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் செயலருக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளி நூலகங்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே வண்ண நாற்காலி, சுவர் ஓவியம், தொடுதிரை என்றுதான் பட்டியல் தொடங்குகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, நூலகப் பொறுப்பையும் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வேலையைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொலைந்த புத்தகத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கும் வழக்கத்தை ஓர் ஆணை போட்டு நிறுத்துங்கள்.

நம் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நூலகர் பணியிடமே கிடையாது. யாராவது ஓர் ஆசிரியர் தன் பாடவேளைகளோடு அதையும் சேர்த்துப் பார்க்கிறார். மாறுதல் வந்தால் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் அந்தக் கவலை வேறு. கைக்காசைப் போட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கை நேர் செய்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அப்புறம் அவர் என்ன செய்வார்? பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை கையில் போகாத புத்தகம்தான் பத்திரம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பதிவேடு.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். ஓராண்டில் வாசகர்களுக்கு வழங்கிய அல்லது அவர்கள் எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு 5 தொலைந்தால், அதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூலும் காணாமல் போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இந்த விதியின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று அது கேட்கவில்லை, எத்தனை தடவை கைமாறியது என்று கேட்கிறது. 200 பிள்ளைகள் ஆளுக்கு 20 புத்தகம் எடுத்தால் ஆண்டுக்கு 4,000 தடவை. அதில் 20 புத்தகம் தொலையலாம். பூட்டியே வைத்திருந்தால் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. அதிகமாக வெளியே கொடுப்பவருக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. மாநிலப் பள்ளிகளை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது சரி. இதே போக்கில் நமக்கென்று ஓர் ஆணை போட எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எடுப்பவர்கள் சிறுபிள்ளைகள் என்பதால் அளவை இன்னும் தாராளமாக வைக்கலாம். கிழிந்ததை நீக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியரிடமே விட்டுவிடலாம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகங்கள் பயன்பாட்டுக்கானவை என்பதுதான். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். மண் சாலையில், மழையில், தொலையும் என்று தெரிந்தேதான் அனுப்பியிருப்பார்கள்.

இனி இடத்துக்கு வருகிறேன். பல பள்ளிகளில் நூலகம் என்பது கடைசி அறை. விலையில்லாப் பாடநூல் கட்டுகள், காலணிப் பெட்டிகள், உடைந்த பெஞ்சு எல்லாம் அங்கேதான். வெளிச்சம் வராது. அந்த அறையைச் சீர்செய்ய நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, புத்தகங்களை வராந்தாவுக்குக் கொண்டு வந்தால் போதும். மதிய உணவு முடிந்து மணி அடிக்கும்வரை இருக்கும் நேரம்தான் பிள்ளைகளுக்கு உண்மையில் சொந்தமான நேரம். நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடுவார்கள். மதிய வேளையை யாரும் அப்படிப் பறிக்க முடியாது.

அடுத்து, அடுக்கும் முறை. 2023இல் நீங்கள் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து, பெரிய எழுத்தில், ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவில் வந்தன. எல்லாமே ஒல்லியான புத்தகங்கள். பெரியவர்களின் புத்தகம்போல முதுகு தெரியச் செருகி வைத்தால் அவை காணாமலே போய்விடும், முதுகில் பெயர் எழுதக்கூட இடமிருக்காது. அட்டை முகம் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி க்ளிப் மாட்டினால் ஒரு வகுப்புக்குப் போதுமான புத்தகங்களைத் தொங்கவிடலாம். புது அலமாரி வாங்குவதாக இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்புயரத்துக்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அப்போதுதான் எட்டும். உட்காரப் பாய் போதும். குப்புறப் படுத்துப் படிக்கிற பிள்ளையை எழுப்பி உட்காரச் சொல்ல வேண்டாம், சத்தம் போடாதே என்ற பலகையும் வேண்டாம். ஒரு கதையை முடித்த பிள்ளைக்கு அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லியாக வேண்டும்.

2010இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023இல் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியை அரசு அக்கறையோடு அமைத்தது. அந்த அக்கறை திருவாடானைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கும் வர வேண்டும் என்பதே என் ஆசை.

புத்தகத் தேர்வையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக நிதியாகப் பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்வரை ஒதுக்க இடமிருக்கிறது. அதில் ஒரு பங்கையாவது பள்ளியின் கையில் கொடுத்து, மாவட்டப் புத்தகத் திருவிழாவில் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பேய்க்கதை எடுப்பார்கள், கிரிக்கெட் புத்தகம் எடுப்பார்கள். எடுக்கட்டும். தானே எடுத்து வந்த புத்தகத்தைப் பிள்ளை பத்துப் பேருக்குக் காட்டும்.

இணையவழி நூலகம் பற்றி ஒரே ஒரு கெஞ்சல்: இன்னொரு செயலி வேண்டாம். பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் பதியும் எமிஸ் பதிவேற்றங்களுக்கே ஆசிரியர்களின் நேரம் சரியாகப் போகிறது. இருப்பதைத் திறந்துவிட்டாலே நிறைய செய்யலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் இருக்கிறது. பள்ளி விட்டபின் அரைமணி நேரம் அதை வாசிப்புக்குக் கொடுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் உரிமை உண்டு. நெட் வராத பள்ளிகளுக்காக அவற்றை முன்கூட்டியே கணினிகளில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள், தங்கள் மொழிக் கதையைத் தாங்களே தமிழில் எழுதி அங்கே சேர்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் பெரிய களஞ்சியம்தான், ஆனால் ஆராய்ச்சியாளருக்கு ஏற்ற முகப்பு அதற்கு. பத்து வயதுப் பிள்ளை அட்டைப்படம் பார்த்துத் தொடுகிற மாதிரி, சிறுவர் நூல்களுக்குத் தனி வாசல் ஒன்று வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் ஒரு கதையைப் படித்துக் குரல்பதிவாக அனுப்பினால் அந்த நேரத்துக்கு அது போதும். இதற்கு அறிக்கை, போட்டோ, மதிப்பெண் எதுவும் கேட்காதீர்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த இழப்பு ஆணையைப் போட்டுவிடுங்கள். பள்ளிகளுக்கு அனுப்பும் அன்றே தணிக்கைக்கு வரும் அலுவலர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். ஆசிரியர்கள் பயப்படுவது அவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்