மணல் தட்டு பற்றி ஒரு கடிதம்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புத் தோழி,

காவடி முடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. மனச்சோர்வுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சிகிச்சை அறை அமைக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது.

முதலில் மணல் தட்டு. பிள்ளை சின்னப் பொம்மைகளை வைத்துத் தன் மனதில் உள்ளதை விளையாடிக் காட்டும் மணல் பெட்டி அது. நீளம் 72 செ.மீ., அகலம் 50, ஆழம் 7 என்ற கணக்கில் செய்யச் சொல். உட்புறம் நீல வண்ணம் அடி. பிள்ளை மணலை விலக்கினால் தண்ணீர் தெரிய வேண்டும். பாதி உயரத்துக்கு மணல் போதும். வீடு கட்ட வாங்கும் பாறை மணல் வேண்டாம். கருங்கல்லை உடைத்த பொடி அது, விரலைக் கீறும். பொம்மைகளில் மனிதர், விலங்கு, வேலி, வண்டி இவற்றோடு பாம்பும் கல்லறையும் இருக்கட்டும். பயத்தையும் சாவையும் காட்டப் பிள்ளைக்கு ஏதாவது வேண்டாமா? வாராவாரம் அதே அலமாரியில் அதே இடத்தில் அவை இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட உன் பேச்சில்தான் கவனம் வேண்டும். பிள்ளை யானையை மணலில் புதைத்துக்கொண்டே இருக்கிறது என்று வை. "ஏன் புதைக்கிறாய்?" என்றால் கை நின்றுவிடும். "அட, அழகு!" என்றால் அப்புறம் உனக்காக விளையாடும். "யானை கொஞ்சம்கூட வெளியே தெரியக் கூடாது போல" என்று கண்டதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. பிள்ளை நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசினால் கிரியோலிலேயே பதில் சொல். அங்கே தமிழ்ப் பாடம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கலாம். விளையாட மனம் வராததே நோயின் அறிகுறி. நீ சிரிக்கவைக்கப் பார்த்தால், சோகமாக இருப்பது தப்பு என்று அதற்குப் பட்டுவிடும்.

மணலை உன்மேல் வீசினால், "உனக்குக் கோபம். மணல் தட்டுக்குள்தான் இருக்கணும். எறிய அந்தத் துணிப்பந்து இருக்கு" என்று சொல். இந்த வரிசை மாறக் கூடாது. தடையை முதலில் சொன்னால் காதில் அது மட்டுமே விழும். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடு. பிள்ளை போன பிறகே தட்டைக் கலை.

அடங்கிக் கிடந்த பிள்ளை சில வாரம் கழித்துக் கத்தவும் உடைக்கவும் தொடங்கலாம். தாய்மார் பலர் பயந்து நிறுத்துவது அப்போதுதான், முதல் நாளே சொல்லி வை. தாய் தகப்பனையே பிள்ளையோடு இப்படி விளையாடப் பழக்கும் முறையை 1960களில் பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதி தொடங்கினார்கள்: வாரம் 30 நிமிடம், தனிப் பொம்மைப் பெட்டி, போன் அணைத்திருக்க வேண்டும். "சேட்டை செய்தால் இன்று அந்த விளையாட்டு கிடையாது" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால் அத்தனையும் பாழ்.

12 வயதுக்கு மேல் பேச்சுவழிச் சிகிச்சையே பெரும்பாலும் பொருந்தும். எந்த வயதானாலும் சாவைப் பற்றித் தன்னைச் சேர்த்துப் பேசினால், சாப்பாடு நின்றுபோனால், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பு. அடுத்த வாரம் வரை பொறுக்காதே.

தட்டின் மூலைகள் கசியாமல் அடைக்கத் தச்சரிடம் மறக்காமல் சொல். புயல் எச்சரிக்கை வரும் வாரங்களில் பிள்ளைகள் மணலில் ஊற்றத் தண்ணீர் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் தோழி