புகலிட அறைக்கும் மூச்சு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் அம்மாவின் கூறைப்புடவையை எடுத்துப் பிரித்தேன். மடிப்பு நெடுகிலும் திருநீறு தூவியதுபோல் வெண்பூசணம். விரல் பட்ட இடத்தில் பட்டு இற்றுக் கையோடு வந்தது. ஊரில் மரப்பெட்டிக்குள் நாற்பது ஆண்டு கெடாமல் இருந்த புடவை, சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீட்டுப் புகலிட அறையில் (போர்க்கால ஆபத்தில் ஒதுங்குவதற்கென்று வீட்டுக்குள்ளேயே கட்டிய சிற்றறை) மூன்றே ஆண்டில் பாழாகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மழை ஒழுகவில்லை, குழாயும் கசியவில்லை. அந்த அறையில் காற்று நகரவே இல்லை, அதுதான் காரணம். குடிமைத் தற்காப்புப் புகலிடங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிக் கட்டப்பட்ட கழக வீடுகளில், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் அடுக்குமாடி வீடுகளில், இத்தகைய அறை இடம்பெற்றது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. சுவரில் உயரே காற்றுத் துளைகள் மட்டும் உண்டு. நாங்களோ அரிசி மூட்டை, அப்பளம், தீபாவளிப் பாத்திரம், பழைய துணி என்று கூரைவரை அடுக்கி அந்தத் துளைகளையும் மறைத்துவிட்டோம். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் நாடு இது. ஓடும் காற்று ஈரத்தைச் சுமந்து போய்விடும். தேங்கிய காற்றில் அது அங்கேயே தங்கிப் பொருளில் ஊறும்.

படுக்கையறை அலமாரியின் பின்புறமும் இதே கதைதான். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடுகிறது. காலையில் எங்கள் பக்கச் சுவர் சில்லென்று வேர்த்திருக்கும். அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்த பிறகுதான் பூசண வாடை அடங்கியது.

மின்விசிறி போட்டால் போதும் என்பார்கள். விசிறி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுழற்றும். வீட்டுச் சுவரில் மாட்டும் குளிர்சாதனமும் பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள்: பக்கவாட்டில் சன்னல் வைக்க இடமில்லாததால், வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டுக் கட்டினார்கள்.

இப்போது துளைகளின் மூடியைத் திறந்து, அடுக்குகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, தினமும் காலையில் இரும்புக் கதவைத் திறந்து வைக்கிறோம். புது வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்போதே இந்தத் துளைகள் எதற்காக என்று ஒரு தாளில், நான்கு மொழிகளிலும் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். என் அம்மாவைப் போன்றவர்கள் தமிழில்தான் படிப்பார்கள்.

இப்படிக்கு,
செங்காங் வாசகி