இரண்டாம் சனிக்கிழமைப் பேச்சு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட வரும் ஐயா, அப்பத்தா, ஆயாமாருக்கும் வணக்கம்.

வரும் மாதம் முதல் ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் மாலை 5 மணிக்கு நம் பள்ளி அரங்கில் செட்டிநாட்டுத் தொல்லியல், வரலாறு பற்றி ஒரு பேச்சு நடக்கும். ஊரார் யாரும் வரலாம். கட்டணம் இல்லை. பேச்சு 40 நிமிடம், அதன் பின் கேள்விகள். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் இன்னும் நாலு கேள்வி கேட்கலாம்.

பேச வருபவர்களுக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம், வாட்ஸ்அப். நம் மாவட்டத்துக் கீழடிக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் ஆண்டு என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால் விழிக்கிறார்கள். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியைச் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அது சின்ன விஷயமா? கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் பேச்சு பிள்ளையார்பட்டி பற்றி. சதுர்த்திக்கு அங்கே போகாத வீடு நம் பக்கம் இருக்காது. இரண்டு கையும் வலம்புரித் துதிக்கையுமாக மலையைக் குடைந்து செதுக்கிய பிள்ளையாரைக் கும்பிட்டு, கொழுக்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தக் குடைவரையில் ‘எக்காட்டூருக் கோன் பெருந்தசன்’ என்று ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. செதுக்கிய தச்சனின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். எழுத்தின் வடிவத்தை வைத்து, கி.பி. 6-ஆம் நூற்றாண்டு அளவில் இருக்கும் என்பது கல்வெட்டு அறிஞர் பலரின் கணிப்பு. வேறு காலம் சொல்பவர்களும் உண்டு. ஒரே வரியை வைத்துக்கொண்டு ஏன் இப்படிக் கருத்து மாறுகிறது என்பதுதான் அன்றைய பேச்சு.

பேச்சு முடிந்ததும் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மைப்படி, அதாவது கல்லில் வெட்டிய எழுத்தை மையால் தாளில் படியெடுப்பது எப்படி என்று செய்து காட்டுவார்கள். கோயில் கல்லில் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்பதால், நம் பள்ளிக் கட்டட அடிக்கல்லே அவர்களுக்குக் கல்வெட்டு! கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் மைத்திண்டால் ஒற்றினால் சுற்றிலும் கறுத்து எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டுத் தட்டினால் தாள் கிழியும். நிறையக் கிழியத்தான் போகிறது, தாள் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பேச்சு முதுமக்கள் தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை பற்றி. கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாக்கள், ஜேசிபி ஓட்டுபவர்கள், கிணறு வெட்டுபவர்கள் இதற்குக் கட்டாயம் வர வேண்டும். முன் வரிசை உங்களுக்குத்தான். தாழியை முதலில் பார்ப்பது தொல்லியல் துறை இல்லை, நீங்கள்தான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது வாய் அகன்ற பெரிய பானை தென்பட்டால் உள்ளே தங்கம் இருக்கும் என்று உடைக்கிறார்கள். பெரும்பாலும் எலும்பும், சிறு கலயங்களும், துருப்பிடித்த இரும்பும்தான் இருக்கும். எது எதன் மேல், எந்த மண்ணில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். உடைத்துவிட்டால் அதுவும் போச்சு. வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது. கோயில் திருப்பணியில் கல்வெட்டு மேல் பெயின்ட் அடிப்பது பற்றியும் அன்று பேசுவோம்.

அடுத்து வீட்டுக் காகிதங்கள். இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்த ஓலை அல்லது தாள், பர்மா, மலாயாக் கடைப் பேரேடு, கப்பல் சீட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் பரணில் கிடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி எல்லோரும் ஒதுக்கியதைச் சேர்த்து வைத்தவர். அவர் 1992-இல் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்து 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. பழைய வீட்டின் கதவையும் தூணையும் விற்பது அவரவர் வசதி, அதில் நான் தலையிட மாட்டேன். காகிதத்தை மட்டும் எடைக்குப் போடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள். பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டோம். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

பிள்ளைகள் வீட்டில் வந்து ஐயாவையும் ஆயாவையும் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். நாங்கள்தான் கேட்கச் சொல்லியிருக்கிறோம், அதட்ட வேண்டாம். காலாண்டுத் தேர்வு மாதத்தில் பேச்சு கிடையாது. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, கேட்டு வராதீர்கள்.

கூட்டம் 6.30-க்குள் முடியும். தேநீர் உண்டு, டம்ளர் கொண்டு வாருங்கள். தனியாக அனுப்பப்படும் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போவது யார் என்பதை இத்துடன் உள்ள சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்