அறிவியல் நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு

தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிற காலம் வந்தால் உங்களில் நாலைந்து பேராவது எஸ்ஓபியை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று சொல்கிற நோக்கக் கடிதத்தை, கொண்டுவந்து, "அண்ணா, இங்கிலிஷை மட்டும் ஒருக்காப் பாருங்கோ" என்று தருகிறீர்கள். இங்கிலிஷில் பெரிய பிழை இருப்பதில்லை. ஐந்து இடத்துக்குப் போகிற ஐந்தும் ஒரே கடிதமாக இருக்கிறது, அதுதான் பிழை. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும், சிலவேளை அதுவும் மாறியிருக்காது. சிரிக்க வேண்டாம். நானே ஒரு தடவை கடைசிப் பந்தியில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு அனுப்பிவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அதைக் கண்டுபிடித்து, விடியும்வரை நித்திரையில்லாமல் கிடந்தவன்.

இன்னொன்று, கோபிக்காமல் கேளுங்கள். எல்லாருடைய முதல் பந்தியும் யுத்தம். 2009இல் உங்களுக்கு ஏழெட்டு வயது, மெனிக்பாம் அகதி முகாமில் கூடாரம், தண்ணீருக்கு வரிசை. பொய்யில்லை, எழுதாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் பந்திக்கு உரிய இடம் எது? அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகம் இரண்டு கட்டுரை கேட்கிறது: ஒன்றில் படிப்பின் நோக்கம், மற்றதில் நீங்கள் வந்த வழி. கூடாரம் இரண்டாவதற்குப் போகட்டும். முதலாவதில் அரைப் பக்கத்தை அதற்குக் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கு நாலு வரி மிச்சம் வைத்தால், வாசிக்கிற பேராசிரியர் இரங்குவார், அவ்வளவுதான். இந்தப் பிள்ளையை எந்த வேலையில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது வெள்ளம் எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் போனது என்பதுதான் அவருடைய புரொஜெக்ட். அருமையான வேலை. ஆனால் எல்லாக் கடிதமும் "நீர் உயிரின் ஆதாரம்" என்று தொடங்கியது. நெதர்லாந்தின் ஐஎச்ஈ டெல்ஃப்ட் தண்ணீரை மட்டுமே படிப்பிக்கிற இடம், அவர்களுக்கே நீரின் பெருமையைச் சொல்லிக்கொடுப்பதா? வெட்டினோம். அங்கே போகிற கடிதத்தில், தன் கணக்கில் எது குறைவு, அந்தக் குறையை அவர்களுடைய எந்தப் பாடம் தீர்க்கும் என்று எழுதினார். அமெரிக்கப் பிஎச்டிக்கு அதே வெள்ளம் வேறு முகத்தோடு போனது. தன் மாதிரிக் கணக்கு எந்த இடத்தில் உண்மையான நீர்மட்டத்தோடு ஒத்துவரவில்லை, ஏன் என்று நினைக்கிறார், அந்தக் கேள்வியில் அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று எழுதினார். முதலில் தோல்வியை எழுதப் பயந்தார். அந்தப் பந்திதான் கடிதத்திலேயே உயிருள்ள பந்தியாக இருந்தது.

ஜேர்மனியின் டாட் ஈபோஸ் (DAAD EPOS) உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், ஆகவே உங்களுக்கு இப்போது சரிவராது. அந்தத் தங்கச்சிக்கு இருந்தது. அதில் வெள்ளம் பின்னுக்குப் போய், குளத்து நீரைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது தன்னுடைய வேலை எப்படி உதவும் என்பது முன்னுக்கு வந்தது. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகையும் அப்படித்தான்: 2,800 மணித்தியால வேலை அனுபவம், படித்து முடித்தபின் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கவேண்டும். "ஊருக்குத் திரும்புவேன்" என்ற வரிக்கு அங்கே பெறுமதி உண்டு. அதையே எல்லா இடத்துக்கும் ஒட்டாதீர்கள்.

புரொஜெக்ட் ஒன்றுதான், மதிப்பெண்ணும் ஒன்றுதான். மாறினது எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பது மட்டும். ஒரு கடிதத்துக்கு முழுதாக இரண்டு நாள் பிடிக்கும். ஐந்துக்கு நேரமில்லை என்றால் மூன்று இடத்துக்குப் போடுங்கள், விண்ணப்பக் காசாவது மிஞ்சும்.

இனி வரும்போது கடிதத்தோடு அந்தப் படிப்பின் பாடப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து வாருங்கள். பேராசிரியரின் பெயரை எழுதுவதென்றால் அவருடைய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது வாசித்திருக்க வேண்டும், நான் கேட்பேன். பரிந்துரைக் கடிதம் தருகிற சேருக்கும் அந்தந்த இடத்துக்கான எஸ்ஓபியையே கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று சொல்ல அவர் இன்னொன்று சொல்வார். அப்புறம், கோப்புக்கு "ஃபைனல் ஃபைனல் 2" என்று பெயர் வைக்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரை வையுங்கள். எனக்கு அந்த இரவு இரண்டு மணி வந்தது அப்படித்தான்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் அண்ணன்