வயலுக்கு அட்வான்ஸ் வாங்கிவிடாதே

துபாய்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முத்தையா,

உன் குரல்செய்தியை மூன்று தடவை கேட்டேன், கடைசியில் கோழி கூவுவது வரைக்கும். உன் பிள்ளை கதிர் இங்கே துபாயில் வீடு வாங்க, நீ வயலை விற்றுப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் கணக்கை வாயால் சொன்னால் நிற்காது, அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று: வயலுக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதே. மற்றதை மெதுவாகப் படி.

வீட்டு விலையில் வங்கி 80 சதவீதம் கடன் தரும், அப்பா 20 போட்டால் போதும் என்று கதிர் சொன்னது பொய்யில்லை. வெளிநாட்டுக்காரர் இங்கே வாங்கும் முதல் வீடு 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால் அவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்பது மத்திய வங்கி விதி. 2013-ல் 75 என்று வைத்தார்கள், 2020-ல் 80 ஆக்கினார்கள். உள்ளூர்க்காரருக்கு 85. அந்த 20-ஐ நம்பி இறங்கியவன்தான் நானும்.

வீட்டின் விலை 10 லட்சம் திர்ஹாம். கையில் 2 லட்சம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், பால்கனியில் நின்று நாலு போட்டோ எடுத்தார், போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மதிப்பு 9,60,000 என்று அறிக்கை. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் 80 சதவீதமாம். ஆக, கடன் 7,68,000. மீதி 2,32,000 என் தலையில்.

அதோடு விட்டதா? நிலப் பதிவுத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 40,000. புரோக்கருக்கு 2 சதவீதம், அதற்கு வாட் வரி, சேர்த்து 21,000. அடமானம் பதிவதற்குக் கடன் தொகையில் கால் சதவீதம். பதிவு அலுவலகக் கட்டணம், வங்கிக் கட்டணம், அந்தக் குழாயைத் திறந்து பார்த்தவருக்கும் கட்டணம். எல்லாம் கூட்டினால் 3 லட்சத்து 7 ஆயிரம். நம்மூர்ப் பணத்தில் 70 லட்சத்துக்கு மேல், மாப்ளே. முன்னெல்லாம் பதிவுக் கட்டணத்தையும் கமிஷனையும் கடனோடு சேர்த்துக் கொடுத்த வங்கிகள் இருந்தன. 2025 பிப்ரவரியிலிருந்து அதற்கும் தடை. பாளையங்கோட்டை வீட்டுக்கு மாடி எடுக்க, இங்கே சம்பாதித்ததை ஊர் வங்கியில் போட்டு வைத்திருந்த என்ஆர்இ டெபாசிட்டை உடைத்தேன். உன் தங்கச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தவணை இன்னொரு கதை. விதிப்படி 25 வருஷம் வரை போகலாம். ஆனால் எனக்கு வயது 47, சம்பளக்காரர் 65-க்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டது. 18 வருஷம், நாலரை சதவீதம், மாதம் 5,194 திர்ஹாம். முதல் மாதம் அதில் 2,880 வட்டிக்கே போனது. அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், தினமும் பார்த்து வயிறெரிய.

இந்த நாலரையும் மூன்று வருஷத்துக்குத்தான் நிலை. அப்புறம் எய்போர் என்கிற வங்கிகளுக்கிடையேயான வட்டியோடு ஏறி இறங்கும். திர்ஹாமை ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைத்திருப்பதால், அமெரிக்கா வட்டியை ஏற்றினால் இங்கேயும் ஏறும். மூன்று மாத எய்போர் 2021-ல் அரை சதவீதம்கூட இல்லை, 2023-ல் ஐந்தைத் தாண்டியது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அந்தக் குறைந்த வட்டிக் காலத்தில் கடன் வாங்கினார். இப்போது மதியம் கேன்டீனுக்கு வருவதில்லை, டப்பாவில் தயிர்சாதம்.

கதிருக்கு 27 வயது, 25 வருஷத் தவணை கிடைக்கும், அது அவனுக்கு நல்லதுதான். ஆனால் வேலை போனால் விசாவும் போகும், தவணை மட்டும் நிற்காது. 2008-ல் விலை சரிந்தபோது இங்கே கடனைக் கட்ட முடியாமல் எத்தனை பேர் ஊருக்கு ஓடினார்கள் என்று நான் நேரில் பார்த்தவன்.

இன்னொன்று. சம்பளத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக்கூடாது என்பது விதி. மாலில் பேனா நீட்டுகிறவனிடமெல்லாம் கையெழுத்துப் போட்டு மூன்று கிரெடிட் கார்டு வைத்திருக்கிறான் உன் பிள்ளை. பயன்படுத்தாத கார்டானாலும் அதன் வரம்பில் 5 சதவீதத்தை மாதத் தவணையாகக் கணக்கில் எடுப்பார்கள். இரண்டையாவது மூடச் சொல்.

இனி உன் வயல். இந்தியாவில் இருந்துகொண்டு நீ கடன் வாங்கி இங்கே அனுப்ப வழியில்லை, அதற்கு வங்கிகள் கடன் கொடுக்கக்கூடாது. சொந்தப் பணம் என்றால் ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதத்தை டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், இருந்தாலும் அதுவரை உன் பணம் அங்கே கிடக்கும். வயலை விற்ற கையோடு இந்த அலைச்சல் உனக்கு எதற்கு? அவனே மூன்று வருஷம் சேர்க்கட்டும். அந்த 3 லட்சத்தைச் சேர்க்க முடியாதவனால் மாதத் தவணையும் கட்ட முடியாது.

உன்னைப் பயமுறுத்த மட்டும் எழுதவில்லை. பதிவன்று மேசையில், வங்கியே எழுதித் தருகிற மேனேஜர் செக்குகளை வரிசையாக அடுக்கி வைத்தேன். வீட்டை விற்ற கிழவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அரைமணி நேரத்தில் பத்திரம் வந்தது, அரபியிலும் ஆங்கிலத்திலும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி என் பெயரோடு அப்பா பெயரும். அரபியில் 'ட' கிடையாதே, அங்கிருந்த மலையாளிப் பையன் வாசித்தான்: "சுதலைமுத்து." நம் தெருவில் அப்பாவை அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதினிக்கு மூட்டுவலி குறைந்ததா? கதிரை வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல். சம்பளச் சான்றிதழும் அந்த மூன்று கார்டும் கையில் இருக்கட்டும். கத்தரிக்கோல் நான் எடுத்து வைக்கிறேன்.

உன்,
சண்முகம்