செயலாளரின் ஆண்டறிக்கை: கொடைக்கானல் சூரிய ஆய்வகப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் பினாங்கு வானியல் ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. கடற்கரையில் திட்டமிட்ட இரவுநோக்கு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை மழையும் புகைமூட்டமும் கெடுத்தன. எனவே இவ்வறிக்கை, சங்கத்தின் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டதும் உறுப்பினர் சிலரின் கேள்விக்கு உள்ளானதுமான கொடைக்கானல் பயணத்தைப் பற்றியதாகவே அமைகிறது.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். சுற்றறிக்கையில் "மலையுச்சியில் விண்மீன் காண்போம்" என்று எழுதியவன் நானே. கொடைக்கானலில் இருப்பதோ சூரியனை ஆராயும் நிலையம். அதன் முதன்மையான வேலை பகலில் நடப்பது. நட்சத்திரங்களை எதிர்பார்த்து வந்தவர்களின் ஏமாற்றம் நியாயமானது. ஆயினும் பணம் வீணானது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அதற்கான காரணங்களைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

திருச்சியில் இறங்கி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக வேனில் மலையேறினோம். நம் கொடிமலையின் உயரம் ஏறக்குறைய 830 மீட்டர். ஆய்வகம் இருப்பதோ 2,343 மீட்டர் உயரத்தில். அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பதால், தைப்பூசம் தவறாமல் தண்ணீர்மலைப் படிகளில் ஏறிப் பழகிய மூத்த உறுப்பினர்களுக்கும் சிறு மேடு மூச்சு வாங்க வைத்தது. அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: சமவெளியின் தூசியும் வெப்ப அலைவும் அங்கு குறைவு, காலை வேளையில், நிலம் சூடேறிக் காற்று கலங்குமுன், சூரியனின் விளிம்பு நடுக்கமின்றித் தெரியும்.

இந்நிலையத்தின் வரலாறு நமக்குச் சற்று நெருக்கமானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின், சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கருந்திட்டுகளான சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அரசாங்கத்தில் வலுப்பெற்றது. நம் முன்னோர் பலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததற்கான காரணங்களுள் அத்தகைய பஞ்சங்களும் உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அக்கேள்வியின் தொடர்ச்சியாக, 1792 முதல் சென்னையில் இயங்கிய வானாய்வகத்தின் பணி மலைக்கு மாறி, 1899இல் மிச்சி ஸ்மித் தலைமையில் கொடைக்கானல் ஆய்வகம் நிறுவப்பட்டது. புள்ளிகளை வைத்து மழையைக் கணிக்க முடியவில்லை. ஆனால் 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான், கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை சூரிய ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகளின் சிறு விலகலிலிருந்து கண்டறிந்தார். இன்று உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

முதல் நாள் மூடுபனி கலையவே இல்லை, அருங்காட்சியகத்தோடு திரும்பினோம். மறுநாள் காலை வெயில் வந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலுள்ள 60 சென்டிமீட்டர் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே அனுப்ப, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்திற்குள் 38 சென்டிமீட்டர் வில்லை அதனை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் அகலப் பிம்பமாகக் குவிக்கும் அமைப்பை விளக்கக் கேட்டோம். கருவியைச் சுரங்கத்துக்குள் வைத்ததும் வெப்பநிலை மாறாமல் காற்று அசையாதிருக்க வேண்டும் என்பதற்காகவே.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தவை கருவிகளல்ல. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்த ஒளிப்படத் தட்டுகளின் தொகுப்பே என்னை நிறுத்தியது. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் புள்ளிச் சுழற்சிகள் எத்தனையோ அதில் பதிவாகியுள்ளன. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைக் கணினியில் ஏற்றிப் பயன்படுத்துகின்றனர். எவர் இயக்குநரானாலும், உலகப்போர்கள் வந்தாலும், வெயிலடித்த காலைகளில் யாரோ ஒருவர் தட்டைப் பொருத்தியிருக்கிறார். நம் சங்கத்தின் சொந்த நோக்குக் குறிப்பேட்டையோ, வெட்கத்துடன் சொல்கிறேன், கடைசியாக எழுதியது யார் என்பதுகூடச் செயலவையில் எவருக்கும் தெரியவில்லை.

எனவே, திரும்பி வந்தபின் நடந்த செயலவைக் கூட்டத்தில், நம்மிடமுள்ள சிறிய தொலைநோக்கியின் வழியே சூரியப் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்து, புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வைப்பதெனத் தீர்மானித்தோம். வில்லை வழியே நேரே பார்த்தால் பார்வையே போய்விடும் என்பதால், பெரியவர் ஒருவர் உடனிருந்தால் மட்டுமே இளையோர் கருவியைத் தொடலாம் என்ற விதியும் நிறைவேறியது.

பயணக் கணக்கைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார். வேன் வாடகை, பேசியதைவிட முகவர் ஒருவரால் கூட்டப்பட்டது. அக்கூடுதலைச் சென்றவர்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர், சங்க நிதியில் சேர்க்கவில்லை. குறிப்பேடு மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. புள்ளிகள் வரைந்த பக்கங்களைவிட "மேகம்" என்று மட்டும் எழுதிய பக்கங்களே அதில் அதிகம். அவற்றுக்கும் தேதியும் கையொப்பமும் இடப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்,
பினாங்கு.