‘சும்மா ஒரு டிசைன்தானே!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த நாளிலிருந்து தங்கள் நாளிதழில் வெளியாகும் உயர்கல்வி வழிகாட்டிக் குறிப்புகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். மருத்துவம், பொறியியல், சட்டம், பட்டயக் கணக்கர் படிப்பு என ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள்; வடிவமைப்புக்கு இரண்டே வரிகள் கிடைத்திருந்தன. சிவகாசியில் இருபத்தேழு ஆண்டுகளாக அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலும், இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேரவிருக்கும் ஒரு பெண்ணின் தகப்பன் என்ற முறையிலும் அந்த இரண்டு வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

விடுமுறைக் காலம் வந்தால் எங்கள் அறைக்குப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். கைப்பேசியைத் திறந்து, பையன் செய்த பிறந்தநாள் வாழ்த்துப் படங்களையும் நடிகர்களின் படங்களை வெட்டி ஒட்டிச் செய்த போஸ்டர்களையும் காட்டுவார்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். இரண்டு மாதம் வேலைக்கு வைத்துக்கொண்டு ஏதாவது கொடுங்கள் என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டு தரப்பையும்விடப் பிள்ளையின் திறமைக்கு அதிகக் கேடு செய்பவர்கள், என் அனுபவத்தில், பெருமைப்பட்டுக்கொள்ளும் உறவினர்கள்தான். வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கடை திறப்பு, கோயில் கொடை என்று எது வந்தாலும் ‘நம்ம பிள்ளைதான் இருக்கே, சும்மா ஒரு டிசைன்தானே’ என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அரைகுறையாகச் செய்தியை அனுப்பிவிட்டு, காலையில் வேண்டும் என்பார்கள். அப்படி ஓராண்டு செய்த பிள்ளை கற்றுக்கொள்வது அவசரம் ஒன்றைத்தான். இந்தக் குற்றத்தை மற்றவர்கள்மேல் மட்டும் சுமத்த மாட்டேன். என் மகளை முதலில் அப்படி வேலை வாங்கியவன் நான்.

அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது என் கொழுந்தியாள் வீட்டில் காதணி விழா வைத்தார்கள். அழைப்பிதழை அவளே செய்யட்டும் என்று முடிவாயிற்று. தமிழ்நாட்டில் அழைப்பிதழ் அமைத்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிறமும் பூவும் பிள்ளையார் படமும் பின்னால் வருகிற கவலைகள். யார் பெயர் எந்த வரிசையில், எந்த அளவில் வருகிறது என்பதுதான் முதல் கவலை. அவள் எல்லாப் பெயர்களையும் ஒரே அளவில், நல்ல ஒழுங்கோடு அடுக்கியிருந்தாள். புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க எடுத்த படியைப் பார்த்த என் மச்சினன், அதாவது சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன், “என் பேரைத் தேட லென்ஸ் வேணும் போலருக்கே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நானாக இருந்தால் பெயரைப் பெரிதாக்கிச் சிவப்பு அடித்திருப்பேன். இருபத்தேழு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன். அதைப் பார்த்துப் பெரியப்பா தம் பெயரைக் கேட்பார், பிறகு அத்தை வீட்டார் கேட்பார்கள், கடைசியில் அழைப்பிதழ் வாக்காளர் பட்டியல் போல ஆகிவிடும். கையை மௌஸ் பக்கம் கொண்டுபோனபோது, “வேண்டாம்ப்பா, ஒருநாள் குடுங்க” என்றாள். மறுநாள் காட்டியதில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பெயர்கள் எல்லாம் இடப்பக்கத்தில் ஒரு குறுகிய பத்தியாக, யாருக்கும் குறைவில்லாமல் நின்றன. வலப்பக்கத்தின் மேல்பாதியை வெறுமையாக விட்டு, அதன்கீழ் ‘தாய்மாமன்’ என்றும் அவர் பெயரும் மட்டும் இருந்தன. எழுத்தின் அளவை முன்னிருந்ததைவிட இரண்டு புள்ளி (பாயிண்ட்) குறைத்திருந்தாள். மச்சினன் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “இப்பத்தான் சரி. நல்லாப் பெருசு பண்ணிட்டியேம்மா” என்றார். அவள் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வடிவமைப்புத் திறமை என்று நான் சொல்வது இதைத்தான். வண்ணம் தீட்டத் தெரிவதும் மென்பொருளின் பொத்தான்கள் தெரிவதும் வேறு. வாசிக்கிறவரின் கண் எங்கே முதலில் போகும், எங்கே தங்கும், யார் மனம் எங்கே நோகும் என்று தெரிவது வேறு. பின்னதைப் பிள்ளைகளிடம் கண்டுகொள்வது பெற்றோருக்கு அவ்வளவு எளிதன்று, ஏனென்றால் அது ஓவியப் போட்டிப் பரிசாக வந்து நிற்பதில்லை, தொணதொணப்பாகத்தான் வரும். என் மகள் எட்டு வயதில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பாள். தேதிக்கு ஏன் இவ்வளவு பெரிய எழுத்து, ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் ஏன் இவ்வளவு பொடி எழுத்து, பாட்டி தேடுவது அதைத்தானே என்றாள். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஊரில் இருந்துகொண்டு, அந்தத் தாளில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், பிறை, பொன்மொழி எல்லாம் எப்படி அடங்குகின்றன என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ‘பேசாமல் சாப்பிடு’ என்றுதான் சொன்னேன்.

என் இரண்டாவது தவறு, அவளுடைய பிழைகளை அவளுக்குத் தெரியாமல் நானே திருத்தி அச்சுக்கு அனுப்பிவந்தது. அந்தக் காதணி அழைப்பிதழில்தான் அதை நிறுத்தினேன். அவள் பின்னணிக்கு வைத்திருந்த நீலம் திரையில் மயில்கழுத்துப் போல ஒளிர்ந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுவது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளை நம்பியிருப்பது. நீலத்தில் மெஜந்தா அதிகமாகக் கலந்தால் தாளில் கத்தரிப்பூ நிறம்தான் வரும். அதோடு, சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைக்காமல் நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பில் வைத்திருந்தாள். ரிஜிஸ்டர், அதாவது நான்கு மைகளும் ஒரே இடத்தில் விழும் பொருத்தம், முடி அளவு விலகினாலும் அத்தகைய எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். முதலில் ஓட்டிய சில தாள்களை இயந்திரத்தின் அருகிலேயே அவள் கையில் கொடுத்து, லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அழுதாள். பிறகு அவளே கோப்பைத் திருத்தினாள். பிளேட்டுகளை (அச்சுத் தகடுகளை) புதிதாகப் போட்ட செலவு என்னுடையது. எந்தக் கணினிப் பயிற்சி மையமும் மூன்று மாதத்தில் கொடுக்காத பாடத்தை அந்த அரை மணி நேரம் கொடுத்தது. எல்லா வீட்டிலும் அச்சகம் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை செய்த ஒன்றையாவது திரையோடு விட்டுவிடாமல் தாளில் அச்சிட்டு, அதை அறியாத ஒருவர் கையில் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பிள்ளையையே கவனிக்கச் சொல்வது எந்த ஊரிலும் முடியும்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறமை தெரிந்தவுடன் கடன் வாங்கியாவது விலை உயர்ந்த மடிக்கணினி வாங்கிக் கொடுப்பதுதான் ஊக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய கணினியே தொடக்கத்துக்குப் போதும். திருட்டுப் பிரதியை நிறுவிக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் உழைப்புக்கு மட்டும் உலகம் விலை தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. (எங்கள் தொழிலிலும் இந்தப் பழக்கம் உண்டு என்பதை மறைக்கவில்லை.)

தமிழ் எழுத்தின் நிலைமை தனிக்கதை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துகளைக் கோக்கும் முறையை (டெக்ஸ்ட் எஞ்சின்) மாற்றி வைக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ உடைந்துவிடும்; அதற்கு அஞ்சியே நாங்கள் இன்னும் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் உழன்றுகொண்டிருக்கிறோம். ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் நல்ல எழுத்துருக்கள் இருக்க, தமிழில் ஒரு தலைப்புக்கு ஏற்ற எழுத்தைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே தமிழ் எழுத்தைக் கையால் வரையும் பிள்ளைக்கு வேலை குறையாது என்பது என் கணிப்பு. கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார் இதற்கு நல்ல சான்று. கட்டடக்கலை படித்துவிட்டு மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் அச்செழுத்துகளை ஆய்வு செய்துகொண்டிருந்தவர் அவர். அவர் வரைந்த ரூபாய்க் குறியீட்டைத்தான் 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கு வரைந்து கொடுத்த தலைப்பெழுத்துகளையும், விகடனில் வரைந்த கோபுலு பின்னர் விளம்பரத் துறைக்குப் போனதையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள்.

மேற்சொன்ன அழைப்பிதழுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். யாராக இருந்தாலும் மேட்டரை, அதாவது அச்சிட வேண்டிய வாசகத்தை, முழுமையாக எழுதித் தர வேண்டும். ஒரே ஒரு முறைதான் திருத்தம் சொல்லலாம். சிறிய தொகையாவது கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு வேலைக்குமேல் கிடையாது. பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்பதால், தொகை அவள் கணக்குக்குப் போகிறது. சில உறவினர்கள் முகம் சுளித்தார்கள். என் மூத்த மதினி ஆறு மாதம் பேசவில்லை. பிறகு தம் மகன் கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று முன்பணத்தோடு வந்தார். வேலைகள் குறைந்ததில் கிடைத்த மாலை நேரங்களில் அவள் கையால் வரைகிறாள், பேருந்துகளின் ஊர்ப்பலகைகளைப் படம் எடுத்துச் சேர்க்கிறாள், பல நாள்கள் ஒன்றும் செய்யாமலும் இருக்கிறாள். அந்த ஒன்றும் செய்யாத நாள்களைப் பார்த்துப் பொறுத்திருப்பதுதான் எனக்கும் என் மனைவிக்கும் மிகக் கடினமாக இருக்கிறது.

இனிப் படிப்பு. பிளஸ் ஒன்னில் கணிதம், உயிரியல் உள்ள பிரிவை எடுத்தால்தான் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று என்னிடமும் பலர் சொன்னார்கள். மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் முதலிய ஐ.ஐ.டி.களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான ‘யூசீட்’ தேர்வையும், 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எந்தப் பிரிவில் பிளஸ் டூ படிப்பவரும் எழுதலாம். வணிகவியலும் வரலாறும் தடையில்லை. யூசீட்டில் ஒரு பகுதியைக் கணினியிலும் ஒரு பகுதியைத் தாளில் கையால் வரைந்தும் எழுத வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பெரிய தடை. இதைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. நம் மாநிலத்திலேயே, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணத்து அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் ஆண்டுக்குச் சில லட்சங்கள் கேட்கும் இக்காலத்தில், எழும்பூர் வழியாகப் போகும் எத்தனை பெற்றோர் அந்தச் சென்னைக் கல்லூரியின் செங்கல் கட்டடத்துக்குள் பிள்ளையை ஒருமுறையேனும் அழைத்துப் போயிருப்பார்கள்?

என் கோரிக்கை சிறியது. பிளஸ் டூ முடிவு வந்தபின், மே மாதத்தில் என்னிடம் விசாரிக்க வருகிறவர்களுக்கு, அவ்வாண்டுக்கான யூசீட் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டிய சங்கடம் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு நேர்கிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபர் வாக்கில் திறக்கிறது. அப்போது பிள்ளையும் பெற்றோரும் காலாண்டு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மருத்துவ, பொறியியல் அறிவிப்புகளை வெளியிடும் அதே கட்டத்தில், அதே எழுத்தளவில், இந்தத் தேர்வுகளின் தேதிகளையும் கவின் கலைக் கல்லூரிகளின் சேர்க்கை அறிவிப்பையும் உரிய மாதத்தில் வெளியிட வேண்டுகிறேன். எழுத்தளவைக் கூட்ட இடமில்லை என்றால், சுற்றிலும் கொஞ்சம் வெள்ளையாக விட்டாலும் போதும்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.